ஃபவுண்டரிக்குள் தண்ணீர்: கோவைப் பயணக் குறிப்புகள்

திங்கள் இரவு, சேரன் எக்ஸ்பிரஸ்

கோவை கணபதி பக்கம் ஒரு ஃபவுண்டரி. மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் பம்புக்கான கேசிங்கை, அதாவது வெளிக்கூட்டை, வார்ப்பிரும்பில் ஊற்றுகிறார்கள். சில மாதங்களாக ஒரே தொல்லை. காஸ்டிங் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மெஷின் ஷாப்பில் ஃப்ளேஞ்ச் (இணைப்பு விளிம்பு) முகத்தைக் கடையும்போதுதான் உள்ளே ஒளிந்திருந்த ஓட்டைகள் தலை காட்டுகின்றன. ஊற்றின கூலி, மணல் தட்டின கூலி, கடைசல் கூலி எல்லாம் ஏறிய பிறகு அந்தக் காஸ்டிங் மறுபடி உலைக்கே போகிறது. இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் தொழில், ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க வைப்பது. மணல் அச்சுக்குள் 1400 டிகிரிக்கு அருகில் ஓடுகிற இரும்பை யாரும் பார்க்க முடியாது. அதே அளவில், அதே வடிவத்தில் அக்ரிலிக்கில் ஒரு வழி செய்து தண்ணீரை ஊற்றினால் பார்க்கலாம்.

இரும்பும் தண்ணீரும் ஒன்றா என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். உருகிய இரும்பு தேன் மாதிரி கெட்டியாக நகரும் என்றுதான் வெளியாட்கள் பலருக்கும் எண்ணம். உண்மையில் அது தண்ணீரைப் போலவே துள்ளி ஓடும். இரும்பு தண்ணீரைவிட ஏழு மடங்கு கனம். பிசுபிசுப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுதல். ஓட்டம் எப்படிச் சுழலும், எங்கே பிரியும் என்பதைத் தீர்மானிப்பது பிசுபிசுப்பை அடர்த்தியால் வகுத்து வரும் எண். 20 டிகிரி தண்ணீருக்கு அது வினாடிக்கு 1 சதுர மில்லிமீட்டர். 1600 டிகிரியில் இருக்கும் உருக்குக்குச் சுமார் 0.9. ஆகவே முழு அளவு மாடலில் தண்ணீரை ஊற்றினால் உந்தத்தையும் பிசுபிசுப்பையும் ஒப்பிடும் ரெனால்ட்ஸ் எண்ணும் ஒத்துப்போகிறது, ஈர்ப்பு விசையையும் வேகத்தையும் ஒப்பிடும் ஃப்ரூட் எண்ணும் ஒத்துப்போகிறது. இயற்கை இவ்வளவு தாராளமாக நடந்துகொள்வது அபூர்வம்.

சேலம் வரும்போது நடுராத்திரி ஆகியிருக்கும், நான் தூங்கியிருப்பேன். ஆனால் சேலம் என்றதும் உருக்காலை ஞாபகம் வராமல் இருக்காது. உருக்குத் தொழிலில் தண்ணீர் மாடல் பல பத்தாண்டுப் பழக்கம். தொடர் வார்ப்பில், உருகிய உலோகத்தை ஏந்தி வரும் லேடிலுக்கும் அச்சுக்கும் நடுவே டண்டிஷ் என்று ஒரு தொட்டி உண்டு. கசடு மேலே மிதந்து வர அதற்குள் உருக்கு கொஞ்ச நேரம் தங்க வேண்டும். தங்குகிறதா, குறுக்கு வழியில் நேராக வெளியே போய்விடுகிறதா என்று அறிய, சிறிய அக்ரிலிக் தொட்டியில் நுழைவாயில் பக்கம் சாயத்தையோ உப்புக் கரைசலையோ ஒரு சொட்டு விட்டு, வெளிவாயிலில் அது வந்துசேரும் நேரத்தைக் குறிப்பார்கள். கால் அளவு மாடல் என்றால் வேகம் பாதி, நேரமும் பாதி. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் எங்கே சுவர் வைக்கலாம், எங்கே தடுப்பு வைக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

கணபதியில் அவ்வளவு விஸ்தாரம் கிடையாது. ஒரு பெட்டி அக்ரிலிக், ஒரு எல்இடி பட்டை, துணிக்குப் போடும் நீலம் ரெண்டு பாட்டில்.

செவ்வாய், கணபதி

காலையில் இறங்கி இட்லி சாம்பார் சாப்பிட்டுவிட்டு நேராக ஃபவுண்டரி. கோவை சாம்பாரைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறு கட்டுரை ஆகிவிடும், விடுங்கள்.

உள்ளே போனதும் புரிந்தது, இங்கே ஓட்டையைவிடப் பெரிய பிரச்சினை சண்டை. மோல்டிங் ஆட்கள் சொல்கிறார்கள், இரும்பில் கசடு எடுக்கவில்லை என்று. ஃபர்னஸ்காரர்கள், மணலில் ஈரம் அதிகம் என்கிறார்கள். மெஷின் ஷாப், ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுகிறது. முதலாளியின் மகள் கணினியில் சிமுலேஷன் போட்டு வண்ணப்படம் எடுத்து வைத்திருக்கிறார். அதில் எல்லாம் சரியாக இருக்கிறது. மேஸ்திரி அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மிணி, படத்துல இரும்பு ரொம்பச் சமத்தாப் போகுதுங்க. நம்ம இரும்பு அப்படிப் போறதில்லீங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொருள் இருந்தது. அந்தக் கணக்கில் லேடிலும் இல்லை, ஊற்றுகிற வாயும் இல்லை. இறங்கு குழாயின் மேல்வாயில் இரும்பு சீரான வேகத்தில், குழாய் நிறைய வருவதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று எங்கே நுழைகிறது என்று கணினியை யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரிஜெக்ட் ஆன காஸ்டிங்குகளை வரிசையாக அடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டோம். மதியம் வரை இதே வேலை. கடைசியில் பார்த்தால் வட்டங்கள் எல்லாம் ஒரே பக்கம்: இறங்கு குழாயிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் கேட்டுக்கு (இரும்பு காஸ்டிங்குக்குள் நுழையும் வாசல்) மேலே. மணல் ஈரம் காரணமென்றால் ஓட்டை எங்கே வேண்டுமானாலும் வரலாமே? மேஸ்திரி வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஊற்றுவதைப் பார்த்தேன். மேல்பெட்டியில் ஒரு புனல் வாய். அதன் நேர் கீழே இறங்கு குழாய். அந்தக் குழாயை மணலில் உண்டாக்க ஒரு நேரான இரும்புப் பைப் துண்டை நட்டுவைத்து உருவுகிறார்கள். மேலும் கீழும் ஒரே விட்டம். லேடிலில் இருந்து இரும்பு நேராகப் புனலுக்குள் விழுகிறது. பக்கத்தில் நின்றால் ஒரு உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. நான் தேடி வந்தது அந்தச் சத்தம்தான்.

புதன், கணபதி

மாடலை ஃபவுண்டரி ஷெட்டுக்குள் வைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முன்பே முதலாளி சொல்லிவிட்டார். உருகிய இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் நீர் நொடியில் ஆவியாகி வெடிக்கும். ஊற்றுகிற தரையில் ஒரு வாளித் தண்ணீர் கவிழ்ந்தாலும் ஆபத்து. ஆக, அச்சுக்கான மர மாதிரிகளை வைக்கும் பேட்டர்ன் ஸ்டோருக்குள் இடம் ஒதுக்கினார்கள். மர வாசனை, மின்விசிறி, ஒரு ஓரமாகத் தண்ணீர்க் குழாய். நல்ல இடம்.

அக்ரிலிக் துண்டுகளை பீளமேடு பக்கம் போர்டு செய்கிற ஒரு கடையில் லேசரில் வெட்டி வாங்கினோம். குளோரோஃபார்ம் தடவி ஒட்டினோம். புனல், குழாய், குழாயின் அடியிலிருந்து கேட்டுகளுக்குப் போகும் ரன்னர் என்ற கிடைவழி, கேட்டுகள் எல்லாம் முழு அளவு. கேசிங்கின் வளைவை மட்டும் எளிமையாக்கி ஒரு பெட்டியாக வைத்தோம். இப்போது நமக்கு வேண்டியது வழி, வீடு அல்ல. பின்னால் கறுப்புச் சார்ட், பக்கவாட்டில் எல்இடி, முன்னால் செல்போன். சாதாரண செல்போனே வினாடிக்கு 240 படம் எடுக்கிறது. முன்பெல்லாம் இதற்கு ஒரு கேமராவை வாடகைக்கு எடுக்க மாதக்கணக்கில் கெஞ்ச வேண்டும்.

ஊற்றுகிற பையனையே கூப்பிட்டு, லேடில் உயரத்தில் ஸ்டூல் போட்டு, அவன் கைப்பழக்கத்திலேயே ஊற்றச் சொன்னேன். ஊற்றுபவர் மாறினால் ஓட்டம் மாறும்.

திரையில் மெதுவாக ஓடவிட்டபோது அறையில் சத்தமே இல்லை. நேரான குழாய்க்குள் நீல நீர் சுவரைத் தொடாமல் ஒல்லியாகக் கீழே இறங்குகிறது. சுற்றிலும் வெள்ளையாகக் காற்று. அடியில் போய் மோதியதும் அத்தனை காற்றும் குமிழியாக நொறுங்கி ரன்னருக்குள் நுழைகிறது. ரன்னர் நிறையவே இல்லை. பாதி உயரத்தில் நீர் பாய்ந்து, முதல் கேட்டைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, கடைசிச் சுவரில் மோதி, எழும்பி, கடைசிக் கேட் வழியாக மேலே பீய்ச்சுகிறது. முதலில் வந்த, அதிகக் குமிழி கலந்த நீர் போய்ச் சேர்ந்த இடம் சாக்பீஸ் வட்டம் போட்ட அதே இடம்.

"அட, ஓடுற வேகத்துல பக்கத்து வாசலுக்குத் திரும்பவே மாட்டேங்குதே" என்றார் மேஸ்திரி. பாடப்புத்தகத்தில் உந்தம் என்று அரைப் பக்கம் எழுதியிருப்பது இதைத்தான்.

காரணம் எளிய கணக்கு. புனலில் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் திரவம் நிற்கிறது, அந்தத் திரவத்தின் மேல்மட்டத்திலிருந்து குழாயின் அடி வரை மொத்தம் 200 மில்லிமீட்டர் என்றால், குழாயின் வாயில் வேகம் வினாடிக்குச் சுமார் 1 மீட்டர், அடியில் 2 மீட்டர். வேகம் இரட்டிப்பதால் ஓடைக்குப் பாதிக் குறுக்குப்பரப்பே போதும். குழாய் அதே பருமனில் இருந்தால் மிச்ச இடத்தை யார் நிரப்புவது? காற்றுதான். உருகிய உலோகம் அச்சுக்குள் நுழையும்போது வினாடிக்கு அரை மீட்டரைத் தாண்டக் கூடாது என்று பர்மிங்காம் பேராசிரியர் ஜான் கேம்ப்பெல் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். வெறும் 12.7 மில்லிமீட்டர் விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். அதனால் விழாமல் பார்த்துக்கொள்ள வழியில்லை. விழுந்ததைக் கட்டுப்படுத்தத்தான் வழி தேட வேண்டும்.

சாயங்காலம் ஒரு சின்ன இடைஞ்சல். சாயத்தை மெல்லிய ஊசி வழியாக விட்டு ரன்னரில் சுழல்களைப் படம் எடுக்கப் பார்த்தால், கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் அடிக்கிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883ல் கண்ணாடிக் குழாயில் சாயக்கோடு விட்டுச் செய்த சோதனை நினைவுக்கு வந்தது. அவர் எவ்வளவோ கவனமாக இருந்து, ரெனால்ட்ஸ் எண் சுமார் 13,000 வரும்வரை சாயக்கோடு கலையாமல் பார்த்துக்கொண்டார். பின்னாளில் அதே கருவியில் அந்த எண்ணை எட்ட முடியவில்லை. வெளியே வண்டி போக்குவரத்தின் அதிர்வு அவ்வளவு. அது நடந்த ஊர் மான்செஸ்டர். தென்னிந்தியாவின் மான்செஸ்டரில் பவர் பிரஸ் டீ நேரத்துக்கு நிற்கும்வரை காத்திருந்து படத்தை எடுத்தேன்.

வியாழன், கணபதி

மாற்றங்களை நான் சொல்லவில்லை. வீடியோவைப் பார்த்த பிறகு அவர்களே சொன்னார்கள், நான் அளவு மட்டும் கொடுத்தேன். குழாயை அடியில் ஒடுக்கலாம் என்றது பேட்டர்ன் ஆசாரி. மேல்வாயின் பரப்பில் பாதி அடியில் என்று கணக்குச் சொன்னேன். புனலை எடுத்துவிட்டு, குழாய்க்குப் பக்கத்தில் தள்ளி ஒரு தொட்டி வைத்து, குழாய் வாயை ஒரு அடைப்பானால் மூடி, தொட்டி நிறைந்த பிறகு திறக்கலாம் என்று முதலாளியின் மகள். ரன்னரைக் கடைசிக் கேட்டோடு நிறுத்தாமல் இன்னும் நீட்டிவிட்டால், முதலில் வரும் குமிழித் தண்ணீர் அங்கே போய் மாட்டிக்கொள்ளும் என்று மேஸ்திரி. ஒவ்வொரு கேட்டையும் தாண்டும்போது ரன்னரின் பருமனைக் குறைக்க வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். முதல் கேட்டுக்கும் நீர் திரும்ப வேண்டுமே. ரன்னரில் செராமிக் ஃபில்டர் ஒன்றும் சேர்த்தோம். வேகத்தைத் தணிப்பதில் அதுதான் பெரிய உதவி.

மாற்றிய மாடலில் நீலம் குழாய் முழுக்க, சுவரை ஒட்டி இறங்கியது. தொடக்கத்தில் கொஞ்சம் குமிழி, அது நீட்டிய ரன்னரின் நுனிக்குப் போய் அடங்கியது. பிறகு ரெண்டு கேட்டிலும் நீர் மட்டம் சேர்ந்தே ஏறியது. ஃபர்னஸ்காரர்களும் மெஷின் ஷாப் ஆட்களும் மதிய சாப்பாட்டு நேரத்தில் வந்து எட்டிப் பார்த்தார்கள். யார் மேல் தப்பு என்ற பேச்சு அன்று எழவில்லை.

ஆனால் தண்ணீர் மாடலை அளவுக்கு மேல் நம்பக் கூடாது. அக்ரிலிக் சுவரில் காற்று புகாது, மணல் சுவரில் புகும். தண்ணீர் உறையாது, இரும்பு ஓடும்போதே உறையத் தொடங்கும். உருகிய இரும்பின் பரப்பு இழுவிசை தண்ணீரைவிட இருபது மடங்குக்கும் மேல். ஆக, குமிழியின் அளவை வைத்து ஓட்டையின் அளவைக் கணிப்பது வெட்டி வேலை. எங்கே காற்று நுழைகிறது, எந்த வழியில் போகிறது என்பது வரைதான் இந்தச் சோதனையின் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆசாரி ராத்திரி தங்கிப் புதிய குழாய்க் கட்டையைக் கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை ஊற்றுகிறார்கள். காஸ்டிங் ஆறி, கடைசலுக்குப் போக சனிக்கிழமை ஆகும். நடுவில் ஒரு நாள் சும்மா இருப்பானேன் என்று முதலாளியின் மச்சான் மில்லுக்கு அனுப்புகிறார்.

வெள்ளி, பல்லடம் சாலை

ஸ்பின்னிங் மில். நூல் முறுக்கும் ரிங் ஃப்ரேம் ஹாலில் ஒரு மூலையில் உள்ள மெஷின்களில் மட்டும் நூல் அடிக்கடி அறுகிறது, நூலில் பஞ்சுக் கட்டி ஏறுகிறது. இங்கேயும் அதே சண்டை: ஹாலுக்கு ஈரக் காற்று அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஆட்களுக்கும் புரொடக்‌ஷனுக்கும். ஈரப்பதம் அளவுக்குள் இருக்கிறது என்று மீட்டரைக் காட்டுகிறார்கள், உண்மையாகவே இருக்கிறது.

காற்றைப் பார்க்கப் புகைதான் வழக்கமான வழி. ஆனால் பஞ்சாலைக்குள் ஊதுபத்தி கூடக் கொளுத்தக் கூடாது. கல்யாண மேடைக்கு வாடகைக்கு விடும் ஃபாக் மெஷின் ஒன்றை ஏற்பாடு செய்தோம். கிளைகால் என்ற திரவம் கலந்த நீரைச் சூடாக்கி மூட்டமாக விடுவது, அதில் நெருப்பு கிடையாது. ஹாலில் உள்ள புகை உணர்விகளை அனுமதி வாங்கி அணைத்து, ஒரு ஆளைத் தீயணைப்பானோடு நிற்க வைத்த பிறகுதான் தொடங்கினோம். அதற்கே பாதி நாள் போனது.

அதற்குள் சும்மா இருக்கவில்லை. மில்லில் நூலுக்கா பஞ்சம்? கழிவு நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, தரையில் காற்று உறிஞ்சும் கிரில்களின் மேல் வரிசையாக டேப் போட்டு ஒட்டினோம். விமான இறக்கைகளில் காற்று ஒட்டி ஓடுகிறதா, பிரிந்து போகிறதா என்று பார்க்கிற அதே முறை. உறிஞ்சல் சரியாக இருந்தால் நூல் கிரில்லுக்குள் வளைந்து துடிக்கும். ஹால் முழுக்கத் துடித்தது. அந்த மூலையில் மட்டும் நூல்கள் செத்துக் கிடந்தன.

கிரில்லைத் தூக்கினால் கீழே உள்ள கால்வாயில் பஞ்சு முட்டி நிற்கிறது. எத்தனை காலமாகவோ. பிறகு ஃபாக் விட்டுப் பார்த்தபோது மிச்சக் கதையும் தெரிந்தது: மேலே கூரையிலிருந்து வரும் காற்று அந்த மூலையில் கீழே இறங்க வழியில்லாமல் மெஷினுக்கு மேலேயே வட்டமடிக்கிறது. மேலே ஓடும் ஓவர்ஹெட் கிளீனர் ஒரு மெஷினில் ஊதி எழுப்பும் பஞ்சுத் தூசி அந்த வட்டத்தில் மாட்டிப் பக்கத்து மெஷினில் இறங்குகிறது. நூல் நிறைந்த குழல்களைக் கழற்றி ஏற்றும் டாஃபிங் தள்ளுவண்டிக்காகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மூட்டம் முழுதும் உள்பக்கம் சாய்கிறது. நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு அருகில் ஸ்பிண்டில்கள் சுற்றும் இடத்தில் இவ்வளவு தூசி போதும், நூல் கெட.

கால்வாயைச் சுத்தம் செய்ய ஆள் போட்டார்கள். கதவுக்குப் பிளாஸ்டிக் பட்டைத் திரை சொல்லியிருக்கிறேன். ஈரப்பத மீட்டர் பொய் சொல்லவில்லை. அது தொங்கிக்கொண்டிருந்தது ஹாலின் மறுகோடியில்.

சாப்பாடு மில் கேன்டீனில். கொள்ளு ரசம். ரெண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

சனி, கணபதி

காலையில் போனபோது மெஷின் ஷாப்பில் கடைசல் ஓடிக்கொண்டிருந்தது. புதிய வழியில் ஊற்றிய கேசிங்குகளை ஒவ்வொன்றாகக் கடைந்து மேஜையில் வைத்தார்கள். தூரத்துக் கேட்டுக்கு மேலே இருந்த கரடுமுரடான, கசடு ஒட்டிய ஓட்டைகள் இல்லை. நீட்டிவிட்ட ரன்னரின் நுனியை அறுத்துப் பார்த்தால் அத்தனை குப்பையும் அங்கே.

ஆனால் சிலதில் வேறு விதமான ஓட்டை. சிறியது, உள்சுவர் வழவழப்பாக, பளபளவென்று, கோருக்கு (காஸ்டிங்கின் உள்வெற்றிடத்துக்காக அச்சுக்குள் வைக்கும் மணல் உரு) பக்கத்தில். இது ஊற்றும்போது புகுந்த காற்றின் முகம் இல்லை. சூட்டில் கோரில் இருக்கும் பிசின் எரிந்து வரும் வாயு வெளியேற வழி இல்லாமல் இரும்புக்குள் குமிழி விட்டால் இப்படி இருக்கும். முன்பு பெரிய ஓட்டைகளின் கூட்டத்தில் இவை கண்ணில் படாமல் இருந்திருக்கின்றன.

மேஸ்திரிக்கு ஏக சந்தோஷம். "இது எங்க கணக்கு இல்லீங்க தம்பி, கோர் ஷாப் கணக்கு."

கோர் ஷாப்பில் கேட்டார்கள், "இதுக்கும் தண்ணி மாடல் போடலாங்களா?" முடியாது. அக்ரிலிக்கில் பிசின் எரியாது. கோரை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். அறுத்தோம். கோருக்குள் வாயு வெளியேற விடும் துளை, சிலதில் பாதி தூரத்திலேயே மண்ணால் அடைபட்டிருந்தது. துளைக்காக வைக்கும் கம்பியைச் சீக்கிரம் உருவிவிடுகிறார்கள் போல. மணல் இன்னும் இறுகவில்லை, உள்ளே சரிகிறது. கோர் ஷாப் இன்சார்ஜ் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பியே வளைந்திருக்கிறது, புதுக் கம்பி கேட்டுப் பல நாளாகிறது என்கிறார். முதலாளி ஸ்டோர்ஸுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.